இரசாயனத்தில் சி எடுத்தவளுக்கு ஐந்து வரி

1.

இந்தக் கதையை எழுத நான் நினைக்கவேயில்லை. என் சித்தி மகள் யசோதினி கேட்டது ஐந்து வரி மட்டும். அவள் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி. லீவில் குருக்கள்மடத்து வீட்டுக்கு வந்திருந்தாள். சத்திரசிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுக்கும் தாதியாவதற்கு அங்கே தனிப் படிப்பு உண்டு. அதற்கு விண்ணப்பித்திருந்தாள்.

"அண்ணா, கம்பஸ் முதலாம் வருசம் இரசாயனத்துல எனக்கு சி. ஏன் எண்டு விளக்கம் கேக்கிறாங்க. நீங்க கதை எழுதுற ஆள்தானே."

"அது பழைய கதை. ஆருகா இப்ப அதப் பாக்கிற?"

"அவங்க பாப்பாங்க. முதலாம் வருசத்துல இருந்து எல்லாத்தையும் கூட்டித்தான் பாப்பாங்க. விஞ்ஞானப் பாடங்களுக்கு வேற தனிக் கணக்கு. போன வருசம் அதே பாடத்தத் திரும்பப் படிச்சு ஏ எடுத்திட்டன். ஆனா சி அழியாது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்."

(அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. நானும் இங்கே எதையும் அழிப்பதாயில்லை.)

2.

முதல் வரைவு: "முதலாம் ஆண்டில் நான் இருந்தபோது பெருவெள்ளம் எங்கள் வீட்டை…"

வெள்ளம் வந்தது உண்மை. அந்த வருசம் வரவில்லை.

இரண்டாம் வரைவு: "என் தந்தை அகால மரணமடைந்த துயரத்தில்…"

எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரே சிக்கல், தந்தையாகிய அழகரத்தினம் சித்தப்பா என் எதிரே இருந்து நண்டுக்கறியோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யசோதினி அதைச் சத்தமாக வாசித்துவிட்டாள்.

"என்னச் சாக்காட்டிப்போட்டியா மனே?" என்றார் சித்தப்பா. "சோத்தத் திண்டு முடிக்கவாவது விட்டிருக்கலாம்."

(கதைக்காரர்களின் கெட்ட பழக்கம் இது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி குறைந்த புள்ளி எடுத்தால், அதற்குப் பின்னால் ஒரு பிணமாவது கிடக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.)

3.

உண்மைக் காரணத்தை அவளே சொன்னாள். கொம்புமுறி.

அடிக்குறிப்பு, வெளியூர் வாசகருக்கு: கண்ணகை அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கம் தோற்றது. வென்றவர்கள் பாடும் வசையைத் தோற்றவர்கள் கேட்டே ஆகவேண்டும்.

அந்த வருசம் சித்தப்பாவின் ஊரில் நெடுங்காலத்துக்குப் பிறகு கொம்பு. முதல் நாளே தென்சேரி தோற்றது. யசோதினி தென்சேரி.

"அந்த வசையக் கேட்டுக்கிட்டு கம்பஸுக்குப் போக ஏலுமா?"

தென்சேரி வெல்லும்வரை அவள் ஊரைவிட்டு அசையவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, நித்திரை முழிப்போடு நேரே இரசாயனச் சோதனைக்குப் போனாள். விளைவு, சி.

"இத எழுதினா எடுக்க மாட்டாங்க," என்றேன்.

"மயக்கத்துல கிடக்கிற ஆளுக்கு என்ன நடந்த எண்டு தெரியாது அண்ணா. மருந்து குடுத்தவதான் உள்ளதச் சொல்லோணும். அந்த வேலைக்குப் பொய் சொல்லிக்கிட்டா போற?"

ஐந்து வரியையும் அவளே எழுதி அனுப்பினாள். எனக்கு வேலை இல்லாமல் போனது. அதனால்தான் இந்தக் கதை.

4.

நேர்முகம் ஒரு மாலை, மடிக்கணினியில். கதவுக்கு வெளியே புஸ்பம் சித்தி, அயல்வீட்டுப் பெண்கள், நான். [இங்கே வாவியைப் பற்றி ஒரு வருணனை வரவேண்டும். எங்கள் காதெல்லாம் கதவில் இருந்ததால் யாரும் வாவியைப் பார்க்கவில்லை.]

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். சி பற்றிக் கேட்டதும் அவள் கொம்பைச் சொன்னாள். பிறகு ஒருவர், "கடைசியில் யார் வென்றது?" என்று கேட்டார்.

"தென்சேரி!"

மூவரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

கைதட்டினால் காரியம் முடிந்தது என்று சித்தி நினைத்துவிட்டாள். அவள் தொடங்க, மற்றப் பெண்களும் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குரவை இட்டார்கள். அம்மனுக்கு இடுகிற அதே குரவை, ஒரு மிச்சமும் வைக்காமல்.

உள்ளே ஒரு குரல் பதறியது: "அது என்ன, அபாய மணியா?"

"இல்லை, என் அம்மா. நான் தெரிவாகிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்," என்றாள் யசோதினி, சிரிப்பை அடக்க முடியாமல்.

நேர்முகம் அப்போது பாதிதான் முடிந்திருந்தது.

5.

முடிவு அ: இடம் கிடைத்தது. (எழுதிப் பார்த்தேன். குரவை ஏற்கெனவே இட்டாயிற்று, பெண்களுக்குச் செய்ய வேலையில்லை.)

முடிவு ஆ: "வருந்துகிறோம், தங்கள் முதலாம் ஆண்டுப் புள்ளிகள்…" (சித்தியை அழவைக்கப் பார்த்தேன். ஆள் அழமாட்டேன் என்கிறாள்.)

முடிவு இ:

இதை எழுதத் தொடங்கும்போதே யசோதினியின் கைபேசியில் மின்னஞ்சல் வந்த சத்தம். அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கிறாள். அவள் விண்ணப்பித்த பள்ளியின் பெயர் திரையில் தெரிகிறது. குசினிக்கு ஓடினேன்.

"சித்தி, பதில் வந்திட்டு. அண்டைக்கு அவசரப்பட்டுக் குரவை போட்டீங்களே, இல்லையெண்டு வந்திருந்தா?"

சித்தி மீன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அவங்கட முடிவ அவங்க சொல்லட்டும் மனே. எங்கட முடிவ நாங்க அண்டைக்கே சொல்லிட்டம்."

கைபேசி மேசையில் இருக்கிறது, வாசகரே. வேண்டுமானால் நீங்கள் திறந்து பாருங்கள். நான் மீன் கழுவப் போகிறேன்.