பதினாலாம் நம்பர் உள்ளே போகிறது

டமால் என்று கதவு சுவரில் மோதியது. டைப்பிஸ்ட் கையிலிருந்த டீ பாதி கீபோர்டில் கொட்டியது.

வாசலில் மூச்சிரைக்க நின்றவர் போக்குவரத்துத் துறையின் துணைச் செயலாளர். கையில் ஒரே ஒரு தாள்.

"வந்துடுச்சும்மா! புதன்கிழமை. மூணாவது கேள்வி. அமைச்சர் எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும்."

சட்டசபையில் துறையைப் பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தருவதுதான் அந்த அறையின் வேலை. டைப்பிஸ்டுக்கு எதிர்மேசையில் இருந்தவள் பதினோரு வருடமாக அதைச் செய்கிறவள் என்பதால் கட்டடம் முழுக்க அவளுக்குக் 'கேள்வி மேடம்' என்று பெயர். துணைச் செயலாளருக்கும் ஒரு பெயர் உண்டு, முதுகுக்குப் பின்னால். 'எழவில்லை சார்.' ஒவ்வொரு கேள்வியும் நாலு பிரிவாக வரும். 'இது உண்மையா?' என்ற முதல் பிரிவுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும். எதனால், எப்போது, என்ன நடவடிக்கை என்ற மற்ற மூன்றுக்கும் 'கேள்வி எழவில்லை' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம். இந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கேள்வி மேடம் தாளை வாங்கிப் படித்தாள்.

பொது மருத்துவமனைக்குள் போய்வந்த பதினாலாம் நம்பர் பஸ் ஏழு மாதமாக வெளிவாசலிலேயே நிறுத்தப்படுகிறதா? ஆம் எனில், ஏன்? மயங்கி விழுந்த நோயாளியை உள்ளே ஓட்டிக்கொண்டு போன டிரைவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டாரா? பஸ் மறுபடி எப்போது உள்ளே போகும்?

கேட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர். இருபது வருடம் அதே மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, ராஜினாமா செய்து, தேர்தலில் நின்று ஜெயித்த டாக்டரம்மா.

மூன்றாவது பிரிவில் அவள் கண் நின்றுவிட்டது. அந்த டிரைவர் அவளுடைய சொந்த அண்ணன். இதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

வாசலிலிருந்து நோயாளிகள் கட்டடத்துக்கு ஒன்றேகால் கிலோமீட்டர், அதில் பாதி ஏற்றம். டாக்டர்களின் கார்களுக்குக் கூரை போட பஸ் திரும்பும் இடம் வேண்டும் என்று சுகாதாரத் துறை கேட்டது. டீசல் மிச்சம் என்று போக்குவரத்துத் துறை தலையாட்டியது. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் வருகிற ஒருவர் வாசலில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் சுருண்டு விழ, அண்ணன் அவரைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நேராக உள்ளே விட்டார். வாசல் தடுப்புக் கம்பம் இரண்டாக உடைந்தது. ஆள் பிழைத்தார். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து புதன்கிழமையோடு எழுபத்துநாலு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை விசாரணை. வழித்தடத்தை மீறினார், சொத்தைச் சேதப்படுத்தினார் என்று இரண்டு குற்றச்சாட்டு. வேலை போவது நிச்சயம் என்று டிப்போவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எழவில்லை சார் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சார், இது உங்க சப்ஜெக்ட். நீங்க பதில் சொல்லுங்க."

"பஸ்ஸு உங்களுது சார்," என்றது மறுமுனை.

"கேட்டு உங்களுது."

"நோயாளி எங்களுது. அவங்க கேட்டுக்குள்ள வந்தப்புறம்தான். வெளியே இருக்கிற வரைக்கும் அவங்க உங்க பயணி."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். டைப்பிஸ்ட் கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்தா யாருது சார்?" என்று முணுமுணுத்தாள். அவர் காதில் அது விழவில்லை. போனில் ஏதோ உருப்படியான யோசனை ஓடிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டுக் கையைத் தேய்த்தார்.

"முடிஞ்சுதும்மா. புதன் காலைல பதினாலாம் நம்பர் உள்ளே போகுது. போட்டோ எடுக்கிறோம். கேட்டா, 'போகுதே, பாருங்க'ன்னு காட்டுறோம்."

"புதன்கிழமை மட்டுமா சார்?"

"சபை கேக்கிறதும் புதன்கிழமை மட்டும்தானேம்மா?"

பதினோரு வருடத்தில் எத்தனையோ பொய்க்கு நிறுத்தற்குறி போட்டிருக்கிறாள். பொய்யை நிஜமாக்க ஒரு பஸ்ஸையே வாடகைக்கு எடுப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

அவர் போன பிறகு தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது உறைத்தது. பஸ் உள்ளே போவது நிற்கவே இல்லை என்று அமைச்சர் சபையில் சொல்லிவிட்டால், அண்ணன் எந்த வழித்தடத்தை மீறினார்? உள்ளே போகிற பஸ்ஸை உள்ளே ஓட்டினார். குற்றமே இல்லையே!

பேனாவை எடுத்தாள். '(அ) இல்லை. 14ஆம் எண் பேருந்து மருத்துவமனை வளாகத்தினுள் ஒரு நாளும் தடையின்றி இயங்கி வருகிறது. (ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை.'

எழவில்லை சார் படித்துவிட்டுத் தொடையில் தட்டினார். "ஒரு நாளும் தடையின்றி! எனக்கே தோணலையேம்மா."

*

அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்ததுமே புலம்ப ஆரம்பித்தாள்.

"வா நாத்தனாரே. உங்க அண்ணனை எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடு. வீட்டுல உக்காந்து உக்காந்து, நான் சட்டியை ரிவர்ஸ்ல வைக்கிறேங்கிறார். குழம்பு கொதிச்சா பிரேக் போடுங்கிறார்."

அண்ணன் சிரித்தார். அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு வடிந்தது.

"அந்தக் கேள்வியைக் குடுத்ததே நான்தான் பாப்பா."

"என்னது?"

"டாக்டரம்மாவை நானே போய்ப் பார்த்தேன். என் வேலைக்காக இல்லை. பஸ் உள்ளே போகணும். கால் வீங்கினதுங்க, பிள்ளைத்தாச்சிங்க, எல்லாம் அந்த மேட்டுல நடக்குதுங்க. கண்ணாடியில பார்த்துக்கிட்டே வண்டியைத் திருப்பிட்டு வரணும். உனக்கென்ன தெரியும்?"

"அண்ணா, வெள்ளிக்கிழமை உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் நீ எந்தப் பஸ்ஸை உள்ளே ஓட்டுவே?"

"நீ 'இல்லை'ன்னு எழுதினா அந்தம்மா சபைல பொய் சொன்னதா ஆகும். அப்புறம் ஒருத்தரும் இதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டாங்க."

"ஊர் நடக்கட்டும்," என்றாள் அண்ணி. இந்தமுறை குரலில் கேலி இல்லை. "ஏழு மாசமா நடக்குது, இன்னும் கொஞ்சம் நடக்கட்டும். எனக்கு இந்த மனுஷன் காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வெளியே போகணும்."

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தொழில் பழக்கம்.

*

புதன்கிழமை எட்டு மணிக்குப் போட்டோக்காரரோடு அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

கூரைக்கு அடியிலிருந்த கார்களைக் காணோம். உடைந்த கம்பத்துக்குப் பதிலாக நட்டிருந்த புதுக் கம்பம் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது. பதினாலாம் நம்பர் சக்கரம்கூடக் கழுவிப் பளபளவென்று உள்ளே வந்தது.

காலியாக வந்தது!

பஸ் இன்றைக்கு உள்ளே போகும் என்பதை யாரும் பயணிகளிடம் சொல்லவில்லை. ஏழு மாதப் பழக்கத்தில் எல்லோரும் வாசலிலேயே இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் கத்திச் சொல்லியிருக்கலாம். அவருக்கும் காரணம் சொல்லியிருக்கவில்லை; போட்டோவுக்கு ஏதோ சும்மா ஓட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஏற்றத்தில் பஸ் உறுமிக்கொண்டு வர, அதன் பக்கத்திலேயே, அது கிளப்பிய புகையை முழுங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடியும் சுவரைப் பிடித்தபடியும் நாற்பது பேர் நடந்து வந்தார்கள்.

"ஆளில்லாம எப்படி எடுக்கிறது?" என்றார் போட்டோக்காரர்.

மருத்துவமனை நிர்வாக அதிகாரி கைதட்டினார். லிப்ட் ஆபரேட்டர், துப்புரவுப் பெண்கள் ஆறு பேர், இரண்டு காவலாளிகள் எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். துடைப்பத்தை வெளியே வைக்கச் சொன்னார். ஒருத்திக்குக் கையில் கட்டுப் போட்டுவிடலாமா என்று ஒரு நர்ஸைக் கேட்டார். அந்த நர்ஸ் அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டார்.

நடந்து வந்தவர்களில் ஒருவர் அவளிடம் நின்றார். முழங்கைக்குக் கீழே ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

"ஏம்மா, இனிமே பஸ் உள்ளே வருமா?"

"வருதே ஐயா. பாருங்க."

"நாளைக்கு?"

அவள் போட்டோக்காரரைக் கூப்பிடுவதுபோல் திரும்பிக்கொண்டாள். தன் வாயையே கழுவ வேண்டும்போல் இருந்தது.

*

பத்து மணிக்குச் சபை. அதிகாரிகள் மாடத்தில் எழவில்லை சாருக்குப் பக்கத்தில் அவள். மடியில் துண்டுச்சீட்டுக் கட்டு. அமைச்சர் திணறினால் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும்.

டாக்டரம்மா எழுந்து கேள்வி எண்ணைச் சொன்னார். அமைச்சர் அவள் எழுதியதை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார். போட்டோவைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னிக்குக் காலைல எடுத்தது. உறுப்பினர் கார்லயே போய்க்கிட்டிருந்தா பஸ் எங்கே போகுதுன்னு எப்படித் தெரியும்? வாங்க, நானே டிக்கெட் எடுக்கிறேன்!"

மேசைகள் அதிர்ந்தன. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு விழித்து, என்னவென்றே தெரியாமல் அவரும் தட்டினார். சுகாதார அமைச்சர் பல்லிடுக்கில் எதையோ குத்தி எடுத்து, அதை உற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலிக்கு அடியில் தேய்த்தார்.

டாக்டரம்மா உட்காரவில்லை. "பஸ் எப்பவும் உள்ளேதான் போகுதுன்னா, உள்ளே ஓட்டின டிரைவரை ஏன் சஸ்பெண்ட் பண்ணீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க."

அமைச்சரின் கண் மாடத்தை நோக்கித் திரும்பியது. எழவில்லை சார் பைலைப் புரட்டினார். தாள்கள் நழுவிக் கீழே விழுந்தன.

அவளுக்கு இருந்தது பத்து விநாடி. 'ரத்து செய்யப்பட்டது' என்று எழுதினால், முதலில் ஏன் செய்தீர்கள் என்று டாக்டரம்மா பிடித்துக்கொள்வார். எழுதினாள்: 'அவ்வாறு எந்த ஓட்டுநரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படவில்லை.' சீட்டு கைமாறிக் கைமாறிப் போனது.

"அவ்வாறு எந்த ஓட்டுநரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படவில்லை!" என்று அமைச்சர் முழங்கினார்.

"அடுத்த கேள்வி," என்றார் சபாநாயகர்.

டாக்டரம்மா கையை உயர்த்தினார். கையில் அவரும் ஒரு போட்டோ வைத்திருந்தார், தடுப்புக் கம்பத்தின் போட்டோ. அதை யாரும் பார்க்கவில்லை. 'பொய்க்காரி' என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கும் மேசையைத் தட்டினார்கள்.

எழவில்லை சார் அவள் காதருகே குனிந்தார். "என்னம்மா எழுதினே?"

"உள்ளே போற பஸ்ஸை உள்ளே ஓட்டினா என்ன சார் குத்தம்? அமைச்சர் சபைல சொல்லிட்டார். இனிமே அந்த ஆர்டர் இருந்தா அமைச்சர் சொன்னது பொய்யாயிடும்."

அவர் கீழே விழுந்த தாள்களைப் பொறுக்கி, டிரைவரின் குடும்ப விவரம் இருந்த தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "ஆர்டரை எடுத்தாச்சு. பைல்லயே இருக்காது. விசாரணையும் கிடையாது," என்றார்.

அவள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். இரண்டு முறை கழுவினாள். அண்ணிக்குப் போன் செய்தபோது மறுமுனையில் அண்ணி அழுதாள். அண்ணன் போனை வாங்கவில்லை.

*

வியாழக்கிழமை காலை அண்ணன் காக்கி போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனார். பதினாலாம் நம்பர் அன்று வழக்கம்போல் வாசலோடு திரும்பிவிட்டது.

பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தாள். அவள் பேசியது பாதி புரியவில்லை. புரிந்த பாதியைக் கேட்டதும் கேள்வி மேடம் மாடிப்படியில் ஓடினாள். இந்தமுறை கதவை டமால் என்று திறந்தது அவள்தான்.

எழவில்லை சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், டிப்போல அந்த டிரைவரை உள்ளே விடலையாம். புதுசா ஒரு நோட்டீஸ் குடுத்து, வேலையை விட்டே எடுத்துட்டாங்களாம்!"

"ஆமாம்மா. நான்தான் எழுதச் சொன்னேன்."

"எதுக்கு சார்? விசாரணையே கிடையாதுன்னீங்களே?"

"அது பழைய விசாரணை. அந்தப் பைலே இல்லையே." அவர் டம்ளரை மேசைமேல் வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அவளை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

"சஸ்பெண்டே பண்ணலைன்னு நீதானேம்மா எழுதிக் குடுத்தே? அப்போ லீவும் போடாம, சொல்லாம கொள்ளாம, எழுபத்துநாலு நாள் உங்க அண்ணன் எங்கேம்மா போயிருந்தார்?"