அரைச் சுற்று

தடித்த கேபிளை உரிப்பதற்காக கூட வேலை பார்க்கும் மச்சானின் ஸ்ட்ரிப்பர் கருவியைக் கேட்டு வாங்கியவன், பிளேடு ஆழமாக இறங்கட்டும் என்று அதன் திருகை அரைச் சுற்று முடுக்கினான். திருப்பிக் கொடுக்கும்போது பழையபடி தளர்த்த மறந்துவிட்டான். அதன் பிறகு மச்சான் போட்ட கேபிள் டிவி இணைப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் புட்டுக்கொண்டது.

இன்று ஒரு வீட்டில் டிவிக்குப் பின்னால் முட்டி போட்டு மச்சான் கனெக்டரைக் கழற்றினார். பிளேடு கீறியிருந்த நடுச் செப்புக் கம்பி முறிந்து கையோடு வந்தது. டார்ச் பிடித்திருந்தவன் தேள் கொட்டிய திருடனாக நின்றான்.

“என் கைதான் சரியில்ல மாப்ள. முதலாளி திட்டினதுல தப்பே இல்ல.”

“கேபிள் மட்டமா இருக்கும் மச்சான்,” என்றான். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

புதுக் கனெக்டர் எடுக்க மச்சான் வண்டிக்குப் போனார். அவன் அவசர அவசரமாக ஸ்ட்ரிப்பரின் திருகை அரைச் சுற்று தளர்த்தி, அதை இருந்த இடத்திலேயே வைத்தான்.

திரும்பி வந்த மச்சான் ஸ்ட்ரிப்பரில் கேபிளை வைத்துச் சுழற்றி இழுத்தார். செப்புக் கம்பி ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

“பாத்தியா,” என்று அவன் தோளைத் தட்டினார். “நீ பக்கத்துல இருந்தாத்தான் என் கை ஒழுங்கா ஓடுது.”