நாலு நூல் ஓட்டை

பெட்டியைப் பிரித்ததும் யோகேஸ்வரன் முதலில் தேடியது ஸ்டட்களைத்தான். டர்போ இருந்தது. அதைத் தாங்கும் மெனிபோல்ட் இருந்தது. எண்ணெய்க் குழாய் இருந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள பளபளவென்று ஸ்டிக்கர்கூட இருந்தது. டர்போவையும் மெனிபோல்டையும் சேர்த்துக் கட்ட வேண்டிய நான்கு ஸ்டட்களும் ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தன. ஒன்றை எடுத்து மெனிபோல்ட் ஓட்டைக்குள் கையால் முறுக்கினான். இரண்டு சுற்றுப் போய், மூன்றாவதில் இறுகி நின்றது. அடுத்ததும் அப்படியே. திருகுப் புரி வேறு.

கொழும்பில் விற்றவனுக்குப் போன் செய்தான்.

"கிட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கும் அண்ணே. நல்லா அழுத்தி முறுக்குங்க."

"அழுத்தி முறுக்குனா மெனிபோல்ட் போயிரும் தம்பி."

"லைன் கிளியர் இல்ல அண்ணே."

அதற்குப் பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை.

யோகேஸ்வரனின் லொறி பழசு. உடம்பு நல்ல உடம்பு, மூச்சுத்தான் போதாது. வட்டகொடைப் பக்கத்தில் அவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை மலை உச்சியில் நிற்கிறது. நல்ல கொழுந்து விளைவதோ அடியில், கீழ்க்கணக்கு என்கிற தோட்டப் பிரிவில். பாதி லோட் ஏற்றினாலே லொறி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். வெளியேறும் புகையின் வேகத்தில் தானே சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் இந்த டர்போவைப் பூட்டிவிட்டால் முழு லோடும் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

தோட்ட மானேஜர் பெரிய தொரையும் தெளிவாகச் சொல்லியிருந்தார். "சனிக்கிழமை முழு லோட் ஏத்து. நிக்காம பெக்டரிக்கு வந்துட்டா கீழ்க்கணக்குக் கொழுந்து ஒனக்கு. இல்லாட்டி துஷாந்துக்குக் குடுத்துருவேன்."

துஷாந்த் பக்கத்துத் தோட்டத்துக்காரன். புது லொறி வைத்திருந்தான். பலத்துக்குக் குறைவில்லை, நீளம்தான் கூட. கீழ்க்கணக்கு வளைவுகளில் முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். அதனால்தான் தொரை யோகேஸ்வரனுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தார்.

அந்தக் கொழுந்து ஏற்றும் வேலை கிடைத்தால் யோகேஸ்வரன் ஊரில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி கொழும்பு; யாருடைய லொறியையோ ஓட்டி, கடை மாடியில் படுத்து, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வரும் பிழைப்பு. மகள் பிறந்ததை அவன் போனில்தான் பார்த்தான். இனிப் போகமாட்டேன் என்று மனைவி நிஷாந்தியிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த லொறியையே வாங்கினான்.

பெட்டி பிரிக்கும் சத்தம் கேட்டு லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவிலிருந்து மாமனார் கந்தப்பன் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். வெள்ளைக்காரன் விட்டுப்போன ரோலர்களையும் டிரையர்களையும் ஓட வைத்துக்கொண்டிருப்பவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே அங்குலமும் நூலும்தான். எட்டு நூல் ஓர் அங்குலம்.

மெனிபோல்டைத் தூக்கி ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். "இது மூணு நூலா மாப்புள, மூணரையா?"

"நூல் இல்ல மாமா. மில்லிமீட்டர்."

"எதா இருந்தா என்ன? ஓட்டைய நாலு நூலுக்குப் பெருசாக்கி நம்ம புரிய வெட்டிருவோம். ஸ்டோர்ல நாலு நூல் போல்ட் பெட்டி பெட்டியா கெடக்கு. ரோலரே அதுலதான் நிக்குது."

"மாமா, இது ரோலர் இல்ல, டர்போ. ஒங்க காலத்துச் சாமான் இல்ல. நீங்க கை வைக்காம இருந்தீங்கன்னாலே பெரிய உதவி."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அழகம்மா சிரித்துவிட்டாள். "கந்தப்பண்ணே, ஒங்களுக்கு பென்சன் குடுத்துட்டாரு மருமகன்!"

பக்கத்துக் காம்பராக்களிலும் சிரிப்புக் கேட்டது. கந்தப்பன் மெனிபோல்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனார். யோகேஸ்வரன் அதைக் கவனித்தான். ஆனால் அவன் தலைக்குள் ஸ்டட் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் மெனிபோல்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போனான். கடைசல் பட்டறைக்காரர் அளவெடுத்துச் சொன்னார். "பத்து மில்லி. நெருக்கப் புரி. ஒனக்குக் குடுத்திருக்கிறது அகலப் புரி."

"நீங்களே நாலு வெட்டித் தாங்களேன்."

"வெட்டுறது லேசு. எங்கிட்ட உள்ள இரும்பு டர்போ சூட்டுக்கு மாவு மாதிரி இழுபட்டுரும். அதுக்குன்னு சூடு தாங்குற இரும்பு இருக்கு. பஞ்சிகாவத்தையில கேளு." அளவு பார்க்க ஒரு நட்டை மட்டும் கையில் கொடுத்தார். "இது எதுல லேசா ஓடுதோ அதுதான் ஒன் புரி."

பஞ்சிகாவத்தை கொழும்பில். அதற்கு முன் ஹட்டனையே ஒரு சுற்றுச் சுற்றினான். முதல் கடையில் "மொடல் நம்பர் என்ன?" என்றார்கள். டர்போவுக்கு மொடல் நம்பர் இருந்தது. ஸ்டட்டுக்கு எங்கே போவது? இரண்டாவது கடையில் "செட்டா எடுத்தா தரலாம்" என்றார்கள். செட் என்றால் இன்னொரு டர்போ. பஸ் பிடித்து டிக்கோயாவுக்குப் போனான். அங்கே ஒருவர் மோட்டார் சைக்கிள் போல்ட்டை எடுத்து நீட்டி, "பாக்க ஒண்ணு மாதிரித்தானே இருக்கு?" என்று கேட்டார்.

கடைசியில் ரிஸ்வியின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. பிஸ்கட் டின்களில் போல்ட் நிரப்பி வைத்திருப்பவர். மூன்று டின்னைக் கவிழ்த்துத் தேடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"என்ட கிட்ட எல்லாம் ஈக்கி தம்பி. நீங்க கேக்குறது மட்டும் இல்ல."

"எல்லாக் கடையிலயும் அதுதான் சொல்றாங்க நானா."

"அவங்க பொய் சொல்றாங்க. அவங்கள்ட ஒண்ணுமே இல்ல." ரிஸ்வி சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். "பொறுங்க, கொழும்புக்குச் சொல்றேன். பஸ்ல போட்டு விடுவாங்க."

பஸ்ஸில் வந்தது. கண்டக்டரிடமிருந்து பொட்டலத்தை வாங்கிய இடத்திலேயே பிரித்து நட்டை ஓட்டிப் பார்த்தான். இரண்டு சுற்று. மூன்றாவதில் இறுகியது. அதே அகலப் புரி.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் ரிஸ்விக்கே முகம் செத்துவிட்டது. "நெருக்கப் புரின்னு மூணு தரம் சொன்னேன் தம்பி. போன்ல சொல்ற சாமான் இல்ல இது. நட்டக் கொண்டு நீங்களே போங்க."

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே யோகேஸ்வரன் பஸ் ஏறினான். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக நட்டை நீட்டினான். மத்தியானம் தாண்டி, ஒரு சந்துக்குள் பழைய என்ஜின்களை உடைத்து விற்கிற சிங்களவர் ஒருவர், "மல்லி, தேடிக்க தம்பி" என்று ஒரு சாக்கைக் காலால் தள்ளினார். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கைகள் கறுத்துப்போகும் வரை ஒவ்வொன்றிலும் நட்டை ஓட்டினான். ஒன்றில் நட்டு விரல் பட்டதும் சுழன்று அடி வரைக்கும் போனது. அதே என்ஜினில் கழற்றிய மற்ற மூன்றும் சாக்கின் அடியில் இருந்தன.

அங்கிருந்தே நிஷாந்திக்குப் போன் செய்தான். "கெடச்சிருச்சு புள்ள! நாலும்! ராவைக்குப் பூட்டிருவேன்."

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

"என்ன, கேக்குதா?"

"கேக்குது. பாத்து வாங்க," என்றாள் நிஷாந்தி.

இருட்டிய பிறகு அவன் வந்து சேர்ந்தபோது லொறியின் முன்னால் டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. கந்தப்பன் குனிந்து நின்று, நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனர் சாவியால் எதையோ இறுக்கிக்கொண்டிருந்தார். டர்போ என்ஜினோடு ஏறி உட்கார்ந்திருந்தது. நான்கு மூலையிலும் கட்டைவிரல் மொத்தத்தில் நான்கு தொழிற்சாலை போல்ட்கள்.

"கழட்டுங்க," என்றான் யோகேஸ்வரன்.

"பாரு மாப்புள, ஆடாது, அசையாது..."

"கழட்டுங்கன்னேன்!"

அவனே ஒரு போல்ட்டைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து கொழும்பு ஸ்டட் ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் விட்டான். முறுக்கவே தேவைப்படவில்லை. அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் விழுந்து, கீழே கல்லில் பட்டுச் சத்தம் போட்டது.

அவன் நிஷாந்தியைத் திரும்பிப் பார்த்தான். "நான் போன் பண்ணேனே?"

"ஒங்க போன் வந்தப்ப ரெண்டு ஓட்டதான் போட்டிருந்தாரு. ஒடனே ஓடிப்போய்ச் சொன்னேன்."

"சொன்னியா? அப்புறமும் மத்த ரெண்டையும் போட்டாரா?"

கந்தப்பன் குரலை உயர்த்தினார். "ரெண்டு நாலு நூலு, ரெண்டு மில்லிமீட்டருன்னு பூட்ட முடியுமாடா? ஒரு அளவுன்னா ஒரு அளவு!"

"முடியும் மாமா! ரெண்ட சரி பண்றது நாலு சரி பண்றதவிட லேசு இல்லையா? நான் கைய வைக்காதீங்கன்னுதானே சொன்னேன்?"

"ஊரு சிரிக்கச் சொன்ன. சிரிச்சவங்களுக்கு முன்னால இந்தக் கெழவன் செஞ்சு காட்டுவான்னு நெனச்சேன்."

வேறு வழி இருக்கவில்லை. யோகேஸ்வரன் தொரையின் பங்களாவுக்கு ஓடி ஒரு வாரம் தவணை கேட்டான். அடுத்த வாரம் கொழுந்து கூடுது, யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கழற்றிய நாலு நூல் போல்ட்டையே மறுபடி பூட்டி, சனிக்கிழமை கீழ்க்கணக்கில் முழு லோட் ஏற்றினான். கந்தப்பன் கேட்காமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

முதல் வளைவில் டர்போ சீட்டியடித்தது. லொறி இரண்டாம் கியரில் ஏறியது. அந்தச் சாலையில் அது இரண்டாம் கியரைக் கண்டதே இல்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்தில் கந்தப்பன் முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"ஏறுதா இல்லையா? சொல்லு."

கோயில் வளைவு தாண்டியதும் சீட்டிச் சத்தத்துக்குள் ஒரு சீறல் சேர்ந்தது. சூடேறி போல்ட் இழுபடுகிறது என்று யோகேஸ்வரனுக்குத் தெரிந்தது. நிறுத்தினால் தோற்றுப்போவான். நிறுத்தாமல் மிதித்தான். பெரிய வளைவின் செங்குத்தில் பலகை முறிவதுபோல் ஒரு சத்தம். முன்கண்ணாடியைக் கரும்புகை மூடியது. லொறி நின்று, ஓரடி பின்னால் நழுவியது. கந்தப்பன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் போட்டார்.

பொனட்டைத் திறந்து பார்த்தான். பெரிதாக்கிய ஓட்டையின் ஓரத்தில் மிஞ்சியிருந்த மெல்லிய இரும்பு, டர்போவைப் பிடித்திருந்த காதோடு பிய்ந்து தொங்கியது. டர்போவும் போனது, மெனிபோல்டும் போனது.

மேல்மலையிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது. "என்ன மாப்புள, இவ்வளவு நேரம் சீட்டி அடிச்சீங்க, இப்ப பெருமூச்சு விடுறீங்க?"

கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும் என்று தொரை ஆள் அனுப்பி துஷாந்தின் லொறியை வரவழைத்தார். சாக்குகளை மாற்றி ஏற்றினார்கள். தன் கொழுந்தைத் தானே தோளில் தூக்கி அந்த லொறிக்குக் கொடுத்தான் யோகேஸ்வரன். எல்லாம் முடிந்ததும் துஷாந்த் அவனை ஓரமாகக் கூப்பிட்டான். முகத்தில் கேலி இல்லை.

"மச்சான், தொரை எனக்குச் சொல்லிட்டாரு. இந்த வளைவுல எனக்கு லொறி திருப்ப வராது. நீ ஓட்டுறியா? நாளைக்கே வா. வீட்டோட இருக்கலாம்ல?"

சாக்குத் தூக்கியவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கந்தப்பனும் நின்றார்.

"எனக்கு லொறி இருக்கு," என்றான் யோகேஸ்வரன்.

"அது ஓடுறப்ப ஓடட்டும் மச்சான். அதுவரைக்கும்..."

"ஒன் லொறிக்கு டிரைவர் வேணும்னா டவுன்ல போய்த் தேடு."

துஷாந்த் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். புது லொறி அந்த வளைவில் முன்னும் பின்னுமாக மூன்று தரம் ஆடி, பிறகு ஏறிப் போனது.

அவன் வீடு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. நிஷாந்தி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"துஷாந்த் கூப்புட்டானாமே?"

"ஆமா."

"வேணாம்னுட்டீங்களாமே?"

"ஒங்கப்பன் செஞ்ச வேலைக்கு நான் எவன் லொறியயோ ஓட்டணுமா?"

"கொழும்புல யாரு லொறிய ஓட்டுனீங்க?"

அவன் கைக் கரியைத் துணியில் துடைத்தான்.

"அப்பா கெடுத்தது இரும்பு," என்றாள் நிஷாந்தி. "அத எடைக்குப் போட்டுறலாம்."

காலையில், பக்கத்துக் காம்பராக்காரர்கள் வெளியே போன பிறகு, யோகேஸ்வரன் போனை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்து துஷாந்தைக் கூப்பிட்டான். வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த நிஷாந்தியின் கை நின்றது.

"மச்சான், நேத்து ஏதோ கோவத்துல..." என்று தொடங்கினான்.

"அடடா. டிக்கோயாவுல இருந்து ஒருத்தன் வாறான் மச்சான். நேத்தே பேசி முடிச்சிட்டேன். ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

"பரவாயில்ல," என்றான் யோகேஸ்வரன். போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஷாந்தி மகளின் பின்னலை முடித்து ரிபன் கட்டினாள். எழுந்து உள்ளே போனாள். அலுமாரிக்கு மேலிருந்த அவனுடைய பயணப் பையை இறக்கி, தூசியைத் தட்டி, கட்டிலில் வைத்தாள். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.