அவள் பக்கம் நாலு இன்ச்

தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பின்னந்தலையில் ஏழு தையல். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். வழுக்கி விழுந்தவள் ஏன் புருஷன் வீட்டில் படுக்காமல் இங்கே வந்தாள் என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் கேட்டாள், அவளிடம் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை போன் செய்தார். கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை செய்கிறாராம். ஃபோம் ஒட்டித் துணி போர்த்த இன்னொரு கை வேண்டுமாம். நான் சோபா தைக்கிறவன்.

"போயிட்டு வாண்ணா," என்றாள் தங்கை. "பலகை சரியா வந்திருந்தா சாயங்காலமே என்னைக் கொண்டுபோய் விட்டுடு."

மாப்பிள்ளை பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். கூடத்தில் ப்ளைவுட்டைக் கிடத்தியிருந்தார். கட்டிலின் அகலத்துக்கு அறுத்து, விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்.

"வாங்க மச்சான். நான் செய்யறேன், நீங்க நின்னு குறை சொல்லுங்க."

"அது உங்க உத்தியோகமாச்சே மாப்ள."

வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதற்குமுன் அந்த வீட்டில் அவர் கையால் நான் டீ குடித்ததில்லை.

பழைய பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார். கெட்டி மரம், மேல் ஓரத்தில் செதுக்கு வேலை.

"நல்ல பொருளாச்சே. ஏன் கழட்டினீங்க?"

"அவளுக்கு வேண்டாமாம்."

பசை தடவி, இரண்டு இன்ச் ஃபோமைப் பலகை முழுக்க ஒட்டினோம். மேலே துணியை விரிக்கப் போனேன். தடுத்தார். தலையணை அளவுக்கு வெட்டிய இன்னொரு துண்டை எடுத்துவந்தார். அதுவும் இரண்டு இன்ச். வலது பக்கம் வைத்துப் பார்த்தார்.

"அப்படி வெச்சா மேடு தெரியும் மாப்ள. துணி சுளிக்கும்."

"சுளிச்சா சுளிக்கட்டும். அவ படுக்கற பக்கம் இது."

"அவளுக்கு மட்டும் எதுக்கு?"

அவர் பசையைத் தடவிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு இங்கதான் பட்டுச்சு."

"பாத்ரூம்ல விழுந்தான்னு சொன்னா."

கை நின்றது. "அப்படியா சொல்லியிருக்கா?" அவர் முகம் இளகியது. "பாத்தீங்களா மச்சான்? என்னை விட்டுக்கொடுக்கவே மாட்டா."

அவர் மறுபடி பசையைத் தடவினார்.

"கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. நான் என்ன பண்ண? அதான் இதைச் செய்யறேன்." துண்டை ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினார். "இனிமே பட்டாலும் தையல் வரைக்கும் போகாது. நீங்களே குத்திப் பாருங்க."

குத்திப் பார்த்தேன். ஃபோம் எதுவானாலும் குத்திப் பார்க்கிற கை என்னுடையது. முட்டி மரத்தில் இடிக்கவில்லை.

கையை எடுத்தேன். சாமான்களைப் பையில் போட்டேன்.

"துணி போர்த்தலையே மச்சான்?"

"பசை காயணும்," என்றேன். மாடிப்படி இறங்கும்போது, எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று மேலிருந்து கேட்டார்.

வீட்டு வாசலில் தங்கை செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காலடியில் பை.

"நீ அங்க போக வேண்டாம்," என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றவில்லை. "என் பக்கம் எத்தனை இன்ச் வெச்சாரு?"

"நாலு."

"நாலுதான் சொல்லியிருந்தேன்."

"நீ சொன்னியா?"

"நான் வரணும்னா இதைச் செஞ்சு வைங்கன்னு சொன்னேன்."

"மேல கை வெக்காதேன்னு சொல்றதுக்கு என்ன?"

"நடக்கறதைத்தானேண்ணா கேக்க முடியும்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க நான் எத்தனை நாளைக்கு இருக்க முடியும், சொல்லு."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. என் மனைவி ஈரக்கையோடு வந்தாள். என் பக்கம் திரும்பாமல் பையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினாள். மறு காதைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"விடு."

"அண்ணி, அவரு காத்துட்டிருப்பாரு."

"விடுன்னு சொன்னேன்ல."

தங்கை விடவில்லை. நான் உள்ளே வந்து, தங்கையின் முதுகுக்குப் பின்னால் வாசல் கதவைச் சாத்தினேன்.