மணமகள் பக்கத்து வரிசை

…நாற்பது நிமிடம், அதற்குள் ஒரு ஆயுள் பந்தத்தை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், இந்தக் கல்யாண மண்டபத்தின் நான்காம் மாடியில் பன்னிரண்டுக்கு ஒரு ஜோடி, பன்னிரண்டு நாற்பதுக்கு இன்னொரு ஜோடி, வாசல் பலகையில் பெயர்கள் ரயில் நிலையத்தில் ஓடுவது போல ஓடுகின்றன, தப்பான கூடத்தில் மொய் வைத்துவிட்டுச் சாப்பாட்டுச் சீட்டோடு வெளியே வருகிறவனும் உண்டு, என்ன ஜனங்களோ… பதினேழு வருடமாக டங்கன் சியோலில் இருக்கிறான், பதினேழு வருடமாக இவர்களைத் திட்டி எழுதித்தான் அவன் வயிறு கழுவுகிறான். சொந்த ஊரான ஹாலிஃபாக்ஸிலேயே கிடந்திருந்தால் நாய்கூடச் சீந்தியிருக்காது, அது வேறு கதை. புத்தகத்துக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி, திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும், இந்தக் கூத்திலிருந்து ஏதாவது தேறும் என்றுதான் வந்தான். மணப்பெண் மிரானுக்காக வந்தான் என்று சொல்ல முடியுமா? ஒன்பது வருடமாக அவனுடைய ஆங்கிலத்தைக் கொரிய மொழியில் பெயர்த்துத் தருகிறவள், கெட்டிக்காரி, ஒரு சொல் பிசகாது, அதற்கு மேல் என்ன இருக்கிறது.

விளக்கேற்ற இரண்டு அம்மாக்கள் மேடையேறினார்கள், மாப்பிள்ளை பக்கம் நீலம், பெண் பக்கம் ரோஜா நிறம், ஊரில் எல்லா அம்மாக்களுக்கும் இதே இரண்டு நிறம்தான், வேறு நிறம் உடுத்தினால் வானம் இடிந்து விழுந்துவிடுமோ… பின்வரிசையில் நின்று சொந்த வியாபாரம் பேசுகிற கூட்டம், மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் தொண்டை கிழியப் பாட்டு, கூடத்து ஊழியக்காரி ஓடிவந்து மணமகளின் தரையில் புரளும் கவுன் நுனியை விசிறிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அப்புறம் நண்பர்கள் படம். மாப்பிள்ளை பக்கம் முப்பது பேர் முண்டியடிக்க, பெண் பக்கம் ஆறு பெண்கள், கடைசியில் அவன், நெட்டைக் கொக்கு மாதிரி. மணமகள் எறியும் பூச்செண்டைப் பிடிக்கப்போகிறவள் யார் என்பதுகூட முன்பே பேசி வைத்தது, படம் சரியாக விழவில்லை என்று மூன்று முறை எறியச் சொன்னான் புகைப்படக்காரன், அவளும் மூன்று முறையும் கண் கலங்கிப் பிடித்தாள், நல்ல நடிப்பு என்று டங்கன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பூச்செண்டோடு வந்து அவன் காதோரம் கேட்டாள்.

"நாங்க ஆறு பேரும் ஒரே ஏஜென்சி, நீங்க எந்த ஏஜென்சிங்க? வெள்ளக்காரங்களக்கூட அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்களா?"

வாடகைத் தோழிகள்! ஆறு பேரும்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றால் இதுதான், ஊர் என்ன சொல்லுமோ என்று நட்பைக்கூட மணிக்கணக்கில் அமர்த்திக்கொள்ளும் தேசம், இதைவிடக் கடைசி அத்தியாயம் வேண்டுமா, சட்டைப் பைக்குள் இருந்த குறிப்பேட்டில் மூன்று வரி கிறுக்கியும்விட்டான். அப்புறம்தான் பதில் சொன்னான், நான் கூலிக்கு வரவில்லை, மணப்பெண்ணைத் தெரிந்தவன் என்று.

"ஐயையோ, தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா நல்லதாப் போச்சு. மாப்பிள்ளையோட அத்தை வந்து துருவித் துருவிக் கேக்குறாங்க. பொண்ணோட அம்மா போன வருஷம் ஏப்ரல்ல தவறிட்டாங்க, சித்திதான் அவங்க எடத்துல உக்காந்திருக்காங்கன்னு ஏஜென்சில எழுதிக் குடுத்தாங்க. ஏப்ரல்தானே? நான் மே மாசம்னு சொல்லித் தொலச்சிட்டேனோன்னு பயமா இருக்கு."

ஏப்ரல்… ஏப்ரலில் என்ன, ஏழாம் அத்தியாயம், ஆமாம், மிரானின் மொழிபெயர்ப்பு இரண்டு நாள் தாமதமாக வந்தது, அவசரத்துக்குப் பிறந்த நாட்டில் நீ மட்டும் எப்படி ஆமையானாய் என்று அவன் எழுதியிருந்தான், நகைச்சுவைதான், வீட்டில் ஒரு வேலை வந்துவிட்டது, மன்னியுங்கள் என்று ஒரு வரி பதில் வந்தது. வீட்டில் ஒரு வேலை. அந்த ஏழாம் அத்தியாயம் எதைப் பற்றி… இழவு வீட்டுக்கு அலுவலகமே திரண்டு போய் உட்கார்ந்து குடிக்கிற வழக்கத்தைக் கிழித்திருந்தான், அதைத்தான் அவள் அந்த வாரம் பெயர்த்திருக்கிறாள், ஒரு சொல் பிசகாமல். வெட்கமாக இருந்தது.

"ஏப்ரல்தான்" என்றான்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில், அவன் தட்டில் விலாக்கறி ஆறிக்கொண்டிருக்க, மிரான் பட்டுடைக்கு மாறி மேசை மேசையாக வணங்கிக்கொண்டு வந்தாள்.

"சாப்ட்டீங்களா சார்? நீங்க வருவீங்கன்னே நெனைக்கல. என் பக்கம் நிக்க ஆளே இல்லாமப் போயிடுமோன்னு ராத்திரியெல்லாம் தூங்கல" என்றாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசி அத்தியாயம் திங்கக்கெழம வந்துடும்ல? ஜேஜு தீவு ஹனிமூனுக்கும் லேப்டாப்ப எடுத்துட்டுத்தான் போறேன். எதப் பத்தி சார்?"

"இன்னும்… முடிவு பண்ணல."

"எதுவா இருந்தாலும் அனுப்புங்க சார், பண்ணிடுறேன்" என்று சிரித்து அடுத்த மேசைக்கு நகர்ந்தாள், அங்கே மாப்பிள்ளையின் அத்தையிடம் பூச்செண்டுக்காரி கல்லூரிக் கதை அளந்துகொண்டிருந்தாள், நன்றாகவே அளந்தாள், மிரான் அவள் தோளில் கைவைத்து நின்றாள், வாங்கிய கூலிக்கு அந்தப் பூச்செண்டுக்காரி ஒழுங்காகத் தோழியாக இருந்தாள்… பையில் குறிப்பேடு நெஞ்சில் இடித்தது, மூன்று வரி, நல்ல வரிகள், கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, அந்த வரிசையில் கூலி இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொள்ளப் போனான், அவன் கூலிதான் பைக்குள் மூன்று வரியாக இருந்ததே.