சுற்றறிக்கையின் ஏழாவது விதி

அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கையை எங்கள் பள்ளியில் யாரும் எழுதுவதில்லை. போன வருடத்து ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, கிழமை சரியா என்று பார்த்து அனுப்புவதோடு சரி. அடையாற்றில் ரொம்ப காலமாக இருக்கும் ஆரம்பப் பள்ளி. அலுவலகத்தில் எனக்கு முன்னால் இருந்த பத்ரிநாராயணன் சார் ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் அந்த ஃபைலையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, மயிலாப்பூர் கச்சேரிகளைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கப் போய்விட்டார்.

எனக்கு இந்தக் காப்பியடிக்கும் வேலை ஆகாது. சந்திரிகா கை வைத்தால் எதுவும் சும்மா இருக்காது என்று என் கணவர் வெங்கடேஷ் சொல்வார். பாராட்டாகச் சொல்வதில்லை. தி.நகரில் ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் அவர். நாளெல்லாம் அடுத்தவர் கலைத்ததை மடித்துவைக்கிறவர். நான் வேலையில் சேர்ந்து முதல் டிசம்பர் வந்ததும் அந்தச் சுற்றறிக்கையை வரிவரியாகப் படித்தேன்.

விடுமுறை 24 முதல் ஜனவரி 1 வரை. 23ஆம் தேதி பாதி நாள், பிள்ளைகளைப் பன்னிரண்டரைக்கு அழைத்துப்போக வேண்டும். காய்ச்சலோடு அனுப்பாதீர்கள். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் சாக்லேட் வேண்டாம். தங்கத் தோடு போட்டு அனுப்பாதீர்கள், தொலைந்தால் பள்ளி பொறுப்பல்ல. தொலைந்த பொருட்கள் பெட்டியில் இருக்கும் பதினொரு தண்ணீர் பாட்டில்களைத் தயவுசெய்து யாராவது எடுத்துக்கொண்டு போங்கள். இதுவரை சரி. ஏழாவது இப்படி இருந்தது:

'விடுமுறைக்கு முந்தைய நாள் நண்பகலில் பிள்ளையை அழைத்துப்போக வருபவர், பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் கேட்டில் இருக்கும் ஆயாவின் காதருகே மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாதவரிடம், அவர் யாராக இருப்பினும், பிள்ளை அனுப்பப்பட மாட்டாது.'

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்ரி சாருக்குச் சத்தம் ஆகாது. தும்மினால்கூட நிமிர்ந்து பார்ப்பார். அதற்காக முன்னூறு பெற்றோரும் வரிசையில் நின்று ஆயா காதில் ரகசியம் சொல்ல வேண்டுமா? போன வருடம் அரை மணி நேரம் வெயிலில் காய்ந்ததாக மூன்றாம் வகுப்பு காஷிஃபின் அப்பா ஒரு பக்கத்துக்குக் கடிதமே எழுதியிருந்தார். இப்போதுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் படம் ஒட்டிய கார்டு கொடுத்திருக்கிறோம். அதைக் காட்டினால் போதாதா? ஏழாவதை அழித்துவிட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினேன். எழுபது கட்டைவிரல் வந்தது. தலைமையாசிரியை ஜெயலக்ஷ்மி மேடம்கூட இந்த வருடம் சர்க்குலர் கச்சிதமாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை புஷ்பம் ஆயா அலுவலக வாசலில் வந்து நின்றாள். ஊரூர் குப்பத்துக்காரி, பத்தொன்பது வருடமாக எங்கள் கேட்டில் நிற்கிறவள். சுற்றறிக்கையைத் தன் மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"இன்னாம்மா, ஏழாவது எங்க போச்சு?"

கார்டு வந்துவிட்டதே, இனி எதற்கு என்றேன். அவள் நகரவில்லை. வருடா வருடம் லீவுக்கு முந்தின நாள், உச்சி நேரத்தில், வரிசையில் ஒருத்தி வந்து நிற்பாளாம். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பிள்ளையின் அம்மா மாதிரியே இருப்பாளாம். பேர் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாளாம். சும்மா நின்றுவிட்டுப் போய்விடுவாளாம். இதைப் புஷ்பம் மீன் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளை பிடிப்பவள் என்றால் போலீஸுக்குச் சொல்லலாம், புத்தி சரியில்லாதவள் என்றால் பாவம், எப்படியானாலும் அவளிடம் கார்டு இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கார்டு இல்லாத பிள்ளைகள் எங்கள் பள்ளியில் ஒரு சிலர் உண்டு. எங்கள் பிள்ளைகள்தான். ஆசிரியைகள், அலுவலகத்துக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார்டு போடும் வழக்கம் இல்லை. மணி அடித்ததும் நூலக அறையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் நாங்கள் போய்க் கூட்டிக்கொள்வோம். என் மகள் ஹம்சினி அப்போது இரண்டாம் வகுப்பு. அந்தப் பெயரை நான் பிடித்ததே முன்பு வேலை பார்த்த பள்ளியின் அட்மிஷன் ரெஜிஸ்டரில்தான். ஆனால் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், பாப்பாதான். தெருவில் நடக்கும்போது சாக்கடை மூடி வந்தால் மிதிக்க மாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு எம்பித் தாண்டுவாள். அதற்கு நான் நின்று கையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

23ஆம் தேதி கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. அந்த நாளுக்கென்று பெண் ஊழியர் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் புடவை, அரக்கில் கடுகு மஞ்சள் கரை. வெங்கடேஷ் கடையில்தான் எடுத்தோம். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கார்டைக் காட்டினார்கள், பிள்ளையைக் கூட்டினார்கள், போனார்கள். பத்தே நிமிடத்தில் கூட்டம் கரைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துச் சந்தோஷமாக அறையைப் பூட்டினேன்.

நூலக அறையில் ஆயத் டீச்சரின் மகள் வஜீஹா மட்டும் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஹம்சினி எங்கே என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான ஆன்ட்டி இப்ப வந்து கூட்டிட்டுப் போனீங்க?"

விளையாடாதே என்றேன். அந்தக் குழந்தைக்கு ஆறு வயது, பொய் சொல்லத் தெரியாது. நீங்கள் வந்தீர்கள், கையை நீட்டினீர்கள், ஹம்சினி பையை எடுத்துக்கொண்டு வந்தாள் என்று திரும்பவும் சொன்னாள். பள்ளி முழுவதற்கும் கார்டு போட்டுவிட்டு, என் பிள்ளைக்கு நானே கதவைத் திறந்துவைத்திருக்கிறேன். செருப்பு எங்கோ கழன்று விழ, கேட்டுக்கு ஓடினேன்.

கேட் பாதி சாத்தியிருந்தது. புஷ்பம் ஒரு கையைக் குறுக்கே வைத்து மறித்து நின்றாள். சுற்றறிக்கையில் நான் அழித்ததை அவள் அழிக்கவில்லை. அவளுக்கு எதிரே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் புடவையில் ஒருத்தி நின்றிருந்தாள். பின்னல் என் பின்னல். அன்று காலை அவசரத்தில் நான் குத்திய பச்சைக் கிளிப் அதில் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். பயமே இல்லாமல், வீட்டுக்குப் போகிற பிள்ளையாக நின்றாள்.

தொண்டையிலிருந்து "பாப்பா" என்றுதான் வந்தது. அவள் திரும்பவில்லை. அம்மாதான் பக்கத்தில் இருக்கிறாளே, எதற்குத் திரும்புவாள்?

புஷ்பம் முன்னால் நின்றவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னையும் அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது.

"நீயும் அங்கியே நில்லு. ரெண்டு பேருல யாரா இருந்தாலும் புள்ள பேர சொல்லு."

அவள் பேசவில்லை. நான் கத்தினேன். "ஹம்சினி! ரெண்டாம் வகுப்பு பி, ஹம்சினி!" தெருக்கோடி இளநீர்க்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். என் மகள் திடுக்கிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்து, பிடித்திருந்த கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். நான் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கேட்டில் புஷ்பம் மட்டும் நின்றிருந்தாள். அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. அதற்கு இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். புஷ்பம் முகத்தில் அந்த நிம்மதி இல்லை.

"கிட்ட வந்து காதுல சொல்லிருக்கலாமேம்மா. அது கேட்டுக்கினு போச்சே."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஹம்சினி வண்டியில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தாள். ஆதம்பாக்கம் தெருவுக்குள் திரும்பும்போதுதான் பேசினாள். அந்த அம்மா போகும்போது இவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதாம். முதலில் தப்பாகச் சொன்னதாம், அப்புறம் சரியாக வந்துவிட்டதாம்.

அன்று மாலையே பத்ரி சாருக்குப் போன் செய்தேன். பின்னணியில் தம்பூரா சத்தம் கேட்டது. எழுந்து வெளியே வந்து பேசினார். அந்த விதியை அவரும் எழுதவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் டைப் அடித்துவைத்தது. யார் அவள் என்று கேட்டேன்.

"பேர் கேட்டா போயிடறா. அதுக்கு மேல நான் கேட்டுக்கலைம்மா." பிறகு அவரே கேட்டார். "குழந்தை பேர் அவ காதுல விழுந்துடுத்தா?"

விழுந்துவிட்டது என்றேன்.

"அப்போ பேரை மாத்திடுங்கோ. பழசைச் சொல்லி யாரும் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டா குழந்தை திரும்பப்படாது."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனாலும் பிடித்தேன். வெங்கடேஷிடம் எண் ஜோதிடம் என்று சொன்னேன். அவர் முதலாளி கடைப் பெயரில் இரண்டு எழுத்தைக் கூட்டியே கிளை திறந்தவர், அதனால் இவர் உடனே ஒத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். விண்ணப்பம், அரசிதழ், பள்ளி ரெஜிஸ்டர் எல்லாம் என் கையாலேயே மாற்றினேன். ஹம்சினி மஹதி ஆனாள். நோட்டு அட்டைகளில் பழைய லேபிளைக் கிழித்தேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில், வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லி, திரும்பாமல் இருந்தால் ஒரு திராட்சை கொடுத்துப் பழக்கினேன். நாய்க்குட்டிக்குப் பழக்குவதுபோல் பழக்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். சமர்த்தான பிள்ளை. காலையில் எழாமல் பாயில் கிடந்து அடம்பிடிப்பது நின்றது. சாக்கடை மூடி வந்தால் தாண்டாமல் மிதித்தே நடந்தாள். மூன்றாம் வகுப்பு போய்விட்டாள், வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த டிசம்பர் சுற்றறிக்கையில் ஏழாவது விதி திரும்ப வந்தது, தடித்த எழுத்தில். ஊழியர் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று ஒரு வரி நானே சேர்த்தேன். கட்டைவிரல் ஒன்றுகூட வரவில்லை. காஷிஃபின் அப்பா மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டார். போட்டுக்கொள்ளட்டும்.

23ஆம் தேதி உச்சி வெயிலில் நானும் வரிசையில் நின்றேன், மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. என் முறை வந்தபோது குனிந்து, புஷ்பத்தின் காதோடு மஹதி, மூன்றாம் வகுப்பு பி என்றேன். அவள் தலையாட்டி கேட்டைத் திறந்தாள். தெருவில் இரண்டடி வைத்திருப்போம். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

"ஹம்சினி."

அது என் குரல். போன வருடம் நான் கத்தியபோது இருந்த அதே பதற்றம், அதே இழுப்பு.

என் மகள் திரும்பவில்லை. அவள் விரல்கள் என் கைக்குள் துடிக்கக்கூட இல்லை. எதிர்ப்பக்கத்து மதிலில் உட்கார்ந்திருந்த பூனையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவது முறை கூப்பிட்டது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அந்தக் குரலில் அழுகை இருந்தது. நான் திரும்பினேன். பெற்றவள், என்ன செய்வேன்?

அரக்குப் புடவை பெசன்ட் நகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அழுகிறவள் நடை இல்லை அது. மெதுவாக, சின்ன அடியாக, பக்கத்தில் யாருக்கோ தோதாக நடந்தாள். இடது கை உடம்பை விட்டு விலகி, ஒரு குழந்தையின் உயரத்தில் லேசாக மூடியிருந்தது. சாக்கடை மூடி வந்தது. அவள் நின்றாள். கையை மேலே தூக்கிக் கொடுத்தாள். பிறகு இறக்கிக்கொண்டு நடந்தாள்.

வண்டி நிற்கும் இடம்வரை எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. என் மகள் ஹெல்மெட்டைத் தானே மாட்டிக்கொண்டு, வாரை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஹம்சினின்னா யாரும்மா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியாமல்தான் கேட்கிறாள்.

"உன்கூடப் படிச்ச பொண்ணு" என்றேன்.

"எங்க போயிட்டா?"

"அவங்க அம்மாகூடப் போயிட்டா."

அவள் சரி என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.