தங்கச்சி தட்டில் மிச்சம்

பேக்கரிக்காரருக்குத் தங்கச்சி என்றால் உயிர். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவளை நம்பமாட்டார். கேக்கில் கிரீம் பூ வைக்க அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பசி மட்டும் எதைத் தின்றாலும் அடங்காது, சின்ன வயதிலிருந்தே அண்ணன் தட்டிலும் கை வைப்பாள். தின்றதெல்லாம் எங்கே போனதோ, கைகால் நரம்பு புடைத்து முறுக்கேறி இருப்பாள். கடையில் அவள் பெயரே பயில்வான்தான்.

இப்போது சர்க்கரை வேறு ஏறிவிட்டது. வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்த இரண்டு தடவையும் லேப்காரர் குழாயைத் தூக்கிக் காட்டினார். ரத்தத்தின் மேலே கொழுப்பு பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

"வெண்ணெயா முழுங்கிட்டு வந்து வெறும் வயிறுன்னா எப்படிம்மா?"

"சத்தியமா சாப்பிடலண்ணா" என்று அண்ணனிடம் அழுதாள். அவர் மசியவில்லை.

"அடுத்த தடவையும் இப்படி வந்துச்சுன்னா கிரீம் பக்கமே வரக் கூடாது. பில் போட உட்காரு."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. கிரீம் வேலைதான் அவளுக்கு எல்லாம்.

அடுத்த பரிசோதனைக்கு முன்னால் அவர் சமையலறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, அவள் அறை வாசலிலேயே குறுக்கே படுத்துக்கொண்டார். விடிந்ததும் கையோடு கூட்டிப்போனார். மறுபடியும் அதே வெள்ளை!

லேப்காரர் வாயைத் திறப்பதற்குள் பேக்கரிக்காரர் எகிறினார். "யோவ், இவ வாயில ஒரு துணுக்கு படலய்யா! நானே காவல் இருந்தேன்!"

"இதைத்தானேண்ணா நானும் சொன்னேன்" என்றாள் தங்கச்சி. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா அவள் கையைக் கிள்ளிப் பார்த்தார். வெறும் தோல்தான் வந்தது.

"கொழுப்பைச் சேர்த்து வைக்க உன் உடம்புல இடமே இல்லம்மா. ரொம்ப அபூர்வமான வியாதி. போக்கிடம் இல்லாம ரத்தத்துலயும் ஈரல்லயும் போய்த் தங்குது. சர்க்கரையும் அதனாலதான் ஏறுது. வயிறு நிறைஞ்சுதுன்னு மூளைக்குச் சேதி சொல்றதே தோலுக்கடியில இருக்கிற கொழுப்புதான். அது இல்லாம பசி எப்படி அடங்கும்? உன்மேல தப்பே இல்ல."

மூளைக்கு அந்தச் சேதியைச் சொல்ல தினம் ஒரு ஊசி, கொழுப்பில்லாத சாப்பாடு என்று சில மாதம் ஓடியது. ஒரு மதியம் அவள் தட்டில் கால் பன்னை வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணன் பதறிப்போனார்.

"ஏன்டா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணா. வயிறு நிறைஞ்சிடுச்சு."

சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிஷம் மலைத்து நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே கிரீம் பையைக் கையில் எடுத்தாள்.

"பயில்வான் மிச்சம் வெச்சிருக்கா!" என்று கடையே அதிரக் கத்தினார் பேக்கரிக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தட்டின் முன் உட்கார்ந்தார். அந்தக் கால் பன்னை யாருக்கும் கொடுக்காமல் அவரே தின்றார்.